ஏன் ஊதா?

ஜூன் 3

அன்புள்ள அக்காவுக்கு,

நான் முதலில் கவனித்தது ஒரு ஊதா வெளிச்சத்தைத்தான்.

நான் வேலை செய்கிற கேம் சென்டரில், கீபோர்டுகளின் சந்துகளைப் பிரஷால் தட்டிக்கொண்டே வரிசையாக வந்தபோது, மூன்றாம் நம்பர் திரையில் அது வட்டமாக விரிந்து அணைந்தது. அங்கே எப்போதும் உட்காருகிறவனைக் கூலிங் கிளாஸ் என்று கூப்பிடுவார்கள். அறைக்குள் வந்தாலும் அதைக் கழற்ற மாட்டான். அவன் விளையாடுவது 'கருங்களம்'. அதில் அன்றைக்குத்தான் 'இரவுத்தாதி' என்று ஒரு புதுப் பாத்திரம் வந்திருந்தது. அடிபட்ட தன் கூட்டாளிகளைக் குணமாக்குகிறவள். விளக்கைக் கையில் பிடிக்காமல் முதுகில் தொங்கவிட்டிருக்கிறாள். அந்த விளக்கிலிருந்துதான் ஊதா வருகிறது.

பக்கத்தில் இருந்த கொரியர்காரர் தன்னுடைய 'மும்முனை'யை நிறுத்திவிட்டு எட்டிப் பார்த்தார். தினமும் மதியச் சாப்பாட்டு நேரத்தில் பையைக்கூட இறக்காமல் வந்து உட்கார்ந்து, உன் கம்பெனியின் அந்த ஆட்டத்தை மட்டும்தான் ஆடுவார்.

"என்னடா இது, மருந்தா விஷமா? ஊதான்னாலே விஷம்தானே? அவ ஆளுங்களே அவளைப் பார்த்து ஓடறானுங்க!"

"உங்க ஆட்டத்தை நீங்க பாருங்கண்ணே. பல்பசை விளம்பரம் மாதிரி பளபளன்னு ஒரு ஆட்டம். அதுல பெரிய பேச்சு."

"உன்னோடது மட்டும் என்னவாம்? கரண்ட் போன வீட்டுல சண்டை போடற மாதிரி. எவன் அடிச்சான்னே தெரியாம சாவுறீங்க."

இந்த இரண்டு கட்சிச் சண்டை இங்கே தினமும் நடப்பதுதான். அம்மா ஒருநாள் கேட்டபோது நான் சொன்னேன்: இரண்டிலும் ஐந்து பேருக்கு எதிராக ஐந்து பேர், மூன்று பாதை, எதிரியின் கோட்டையை முதலில் இடிக்கிறவர்களுக்கு வெற்றி. "ரெண்டும் ஒண்ணுன்னா எதுக்குடி ரெண்டு?" என்றாள் அம்மா. மும்முனைக்கே படம் வரைகிற உனக்குத்தான் அதற்குப் பதில் தெரியும்.

எனக்குத் தெரிந்ததெல்லாம் ஏழாம் நம்பரில் பார்த்ததுதான். ஆள் இல்லாத நேரத்தில் அங்கே உட்கார்ந்து மும்முனை ஆட ஓனர் விடுவார். அந்தத் திரையில் எல்லாம் ரோஸ் பூசினது போலத் தெரியும் என்பதால் காசு கொடுத்து யாரும் அங்கே உட்காருவதில்லை.

அக்கா, போன வருஷம் நான் 'விளக்குக்காரி' என்று ஒரு படம் வரைந்து உனக்கு அனுப்பினேனே, அது இப்போது எங்கே இருக்கிறது? சும்மா தெரிந்துகொள்ளத்தான். பதிலை வழக்கம்போல சென்டர் முகவரிக்கே போடு. பெரியம்மாவோடு பேச்சு நின்றதிலிருந்து, அவர் மகளான உன் பெயரைக் கேட்டாலே அம்மாவின் முகம் மாறிவிடுகிறது. வீட்டில் இருக்கிற ஒரே போனும் அவள் கையில்தான்.

உன் தங்கை

*

ஜூன் 11

அடி மக்கு,

விளக்கும் பொம்பளையும் உலகத்தில் எத்தனை இருக்கிறது! ஊதா உனக்கு மட்டும் எழுதிக் கொடுத்த நிறமா?

அம்மா கேட்ட கேள்விக்கு நான் பதில் சொல்கிறேன், கேள். எங்கள் ஆட்டத்தில் கோடு தடிமன். தலை பெரிது, கை பெரிது, ஆயுதம் அதைவிடப் பெரிது. பத்துப் பேர் ஒரே இடத்தில் விழுந்து அடித்துக்கொள்ளும்போது எவன் எவன் என்று சட்டென்று தெரிய வேண்டும் என்பதற்காகத்தான் அப்படி வரைகிறோம். புதரில் ஒளிந்துகொள்ளலாம், ஓடி வந்து அடிக்கலாம், இருபது நிமிஷத்தில் ஆட்டம் முடிந்துவிடும். கருங்களத்தில் கவசத்தின் துருவைக்கூட விடாமல் வரைவார்கள். அங்கே மேட்டில் நிற்கிறவன் கீழே இருப்பவனுக்குத் தெரிய மாட்டான். எதிரி கொன்று பலன் அடையக் கூடாது என்று சொந்தச் சிப்பாயை நாமே முந்திக்கொண்டு கொல்லலாம். ஆளை ஏமாற்றுவதற்கென்றே செய்த ஆட்டம், அதனால்தான் அந்த இருட்டு. பார்க்க அழகுதான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் சண்டை ஆரம்பித்துவிட்டால் கரிச்சட்டிக்குள் கரண்டி தேடுகிற மாதிரி.

உன் படம் என்னிடம்தான் இருக்கிறது. எங்கேயும் போய்விடவில்லை.

ஒன்று கேட்கிறேன், மறைக்காமல் சொல். அந்தப் படத்தை வேறு யாரிடமாவது காட்டினாயா? சென்டருக்கு வருகிற பசங்கள் யாராவது போட்டோ எடுத்தார்களா? உன் ஓனர்? நன்றாக யோசித்து எழுது.

இன்னொன்று. எப்போதும் போல என் அறைக்கே அனுப்பு, அவசரத்துக்குக்கூட என் ஆபீஸ் முகவரிக்கு எதுவும் அனுப்பிவிடாதே. வாசலில் இருக்கிற செக்யூரிட்டி எல்லா உறையையும் பிரித்துப் பார்த்து, அனுப்பினது யார் என்று எல்லோர் முன்னாலும் சத்தமாகப் படிப்பான். போன மாதம் ஒருத்தனுக்குப் பழைய காதலி அனுப்பின பார்சல், மாடி வரைக்கும் நாறிவிட்டது.

அக்கா

*

ஜூன் 19

அக்காவுக்கு,

யாரிடமும் காட்டவில்லை. நான் யாரிடம் போய்க் காட்டுவேன்? கூலிங் கிளாஸ் மீதிச் சில்லறை கேட்டாலே எனக்குக் குரல் வெளியே வராது. எழுந்து நின்று சத்தமாகப் படி என்று டீச்சர் சொல்லும்போதெல்லாம் நான் பெஞ்சுக்கு அடியில் குனிந்துகொள்வேன் என்பது உனக்குத் தெரியும். அம்மாவுக்கு ஆபரேஷன் என்று ஒன்பதாம் வகுப்பில் நின்றவள், அவள் தேறிய பிறகும் திரும்பிப் போகாததற்கு அதுதான் காரணம். அதுவும் உனக்கு மட்டும்தான் தெரியும்.

உன் கடிதத்தை மடித்து வைத்த பிறகுதான் ஒன்று உறைத்தது. ஊதா உனக்கு மட்டும் சொந்தமா என்று கேட்டாய். அது தற்செயல் என்றால், யாரிடம் காட்டினாய் என்று எதற்கு விசாரிக்கிறாய்?

இந்த ஒரு வாரமாக இரவுத்தாதியைத் தள்ளி நின்று பார்த்துக்கொண்டே இருக்கிறேன். கூலிங் கிளாஸ் கவனித்துவிட்டு, "என்ன தங்கச்சி, கத்துக்கணுமா?" என்று கேட்டான். நான் குப்பைக்கூடையை எடுத்துக்கொண்டு உள்ளே ஓடிவிட்டேன்.

அவளுக்கு முகம் இல்லை, அக்கா. கருங்களத்தில் மற்ற எல்லோருக்கும் முகம் இருக்கிறது, தழும்பு இருக்கிறது, தாடி இருக்கிறது. இவளுக்கு மட்டும் தலையின் உச்சி, கோணலாக எடுத்த வகிடு, இரண்டு தோள்கள், அவ்வளவுதான். எனக்கு முகம் வரைய வராது. இந்த ஆட்டங்களில் எல்லோரையும் மேலேயிருந்துதான் பார்க்கிறோம், அதனால் நான் பார்த்தபடியே உச்சியிலிருந்து வரைந்தேன். நீகூடச் சிரித்தாய், 'மொட்டை மாடியிலிருந்து எட்டிப் பார்த்து வரைந்தாயா' என்று.

அவளுடைய இடது தோள் தாழ்ந்திருக்கிறது. அது கொரியர்காரரின் தோள். பை சுமந்து சுமந்து அவருக்கு அப்படி ஆகிவிட்டது. விளக்கை முதுகில் மாட்டியதும் அந்தப் பையைப் பார்த்துத்தான். கருங்களத்துக்கு வரைகிறவர்கள் எங்கள் கொரியர்காரரை எங்கே பார்த்தார்கள்?

இப்போது பசங்கள் அவளை வைத்துத் தந்திரம் செய்கிறார்கள். விவரம் தெரியாத எதிரி ஊதாவைக் கண்டதும் விஷம் என்று நினைத்துப் பின்வாங்குகிறான். அந்த நேரத்தில் இவர்கள் அதற்குள்ளேயே நின்று குணமாகிக்கொள்கிறார்கள். கூலிங் கிளாஸ் தொடர்ந்து ஜெயிக்கிறான். "இதை வரைஞ்சவன் மண்டையே மண்டைடா" என்று இன்றைக்குச் சொன்னான். நான் அப்போது அவன் காலடியில் இருந்த ஒயரைச் சுற்றிக்கொண்டிருந்தேன்.

நீ அந்தப் படத்தை யாரிடம் காட்டினாய்? காட்டும்போது யார் வரைந்தது என்று சொன்னாய்?

உன் தங்கை

*

ஜூன் 27

என் தங்கமே,

இந்தக் கடிதத்தோடு ஒரு பெட்டி கலர் பென்சில் வருகிறது. நல்ல கம்பெனி, தண்ணீர் தொட்டுத் தேய்த்தால் பெயின்ட் மாதிரி கரையும். அந்த மெழுகு பென்சிலை இன்றோடு தூக்கிப் போடு.

கோபப்படாதே. உன்னைச் சந்தேகப்பட்டுக் கேட்கவில்லை. இங்கே கொஞ்சம் சிக்கல். எங்கள் தலைமை ஓவியர் இருந்தாரே, நாங்கள் மீசை என்று கூப்பிடுவோம், அவரிடம் ஒரு பேச்சுக்காக அந்தப் படத்தைக் காட்டினேன். நிறம் தப்பு, ஆட்டக்காரன் விஷம் என்று நினைப்பான் என்று சொல்லி ஒதுக்கிவிட்டார். ஒதுக்கின படங்களெல்லாம் ஆபீஸ் கம்ப்யூட்டரில் ஒரு மூலையில் கிடக்கும். பொங்கல் பானை மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு மீசை நாலு மாதம் முன்னால் வேலையை விட்டுப் போனார். போனது எங்கே என்று இப்போது புரிகிறதா? ஆனால் ஆபீஸில் இருப்பவர்களுக்கு இன்னும் புரியவில்லை. படத்தை நான்தான் எதிர்க் கம்பெனிக்குக் கொடுத்துவிட்டேனோ என்று என்னைக் கூப்பிட்டு விசாரிக்கிறார்கள். கதவை மூடிக்கொண்டு மூன்று பேர் எதிரில் உட்காருகிறார்கள். சாப்பாடு இறங்கவில்லை.

யார் பெயரைச் சொன்னேன், எப்படிச் சொன்னேன் என்பதெல்லாம் ஆபீஸ் சமாச்சாரம், உனக்குச் சொன்னாலும் புரியாது. நீ மனதைப் போட்டுக் குழப்பிக்கொள்ளாதே.

அது போகட்டும். சும்மா ஒரு ஆசைக்குக் கேட்கிறேன். குணமாக்குகிற வெளிச்சத்தை எல்லா ஆட்டத்திலும் பச்சையாகத்தான் போடுவார்கள். உனக்கு மட்டும் ஏன் ஊதா தோன்றியது? கொஞ்சம் விவரமாக எழுது. சீக்கிரம் எழுது.

முத்தங்களுடன்,
அக்கா

*

ஜூலை 4

அக்காவுக்கு,

பென்சில் பெட்டி வந்தது. இன்னும் பிரிக்கவில்லை.

நான் கேட்டதற்குப் பதில் வரவில்லை. இருந்தாலும் நீ கேட்டதற்குச் சொல்கிறேன்.

எனக்கு ஆறு வயதில் பெரிய காய்ச்சல் வந்தது. விளக்கு எரிந்தால் கண் கூசும், அணைத்தால் பயத்தில் அழுவேன். அம்மா ஒரு மெல்லிய ஊதாத் துணியைத் தேடி எடுத்து மேசை விளக்கின் மேல் போட்டாள். அறை முழுக்க ஊதாவாகிவிட்டது. என் கை, போர்வை, அம்மாவின் முகம் எல்லாம் ஊதா. அந்த வெளிச்சத்தில்தான் காய்ச்சல் இறங்கியது. அன்றிலிருந்து குணமாவது என்றால் எனக்கு அந்த நிறம்தான்.

இதை யாரிடமும் சொல்லாதே, அக்கா. இது எனக்கும் அம்மாவுக்கும் மட்டும் உள்ளது. உன்னிடம் மட்டும் சொல்கிறேன்.

உன் தங்கை

*

ஜூலை 20

செல்லக்குட்டி,

பெரிய கண்டம் தாண்டிவிட்டேன். விசாரணை முடிந்துவிட்டது. படம் எங்கள் ஆபீஸில்தான் முதலில் இருந்தது, மீசைதான் கொண்டுபோனார் என்று இப்போது எல்லோரும் ஒப்புக்கொண்டுவிட்டார்கள். எப்படி நம்பினார்கள் என்று கேட்காதே, எனக்குப் பேசத் தெரியும் என்பது உனக்கே தெரியும். போன மாதம் முகத்தைத் திருப்பிக்கொண்ட மேனேஜர் இப்போது தானே காபி எடுத்துவந்து தருகிறார். இதைச் சும்மா விடப் போவதில்லை, கருங்களத்துக்காரர்களை ஒரு கை பார்க்கிறோம் என்று சொல்கிறார்கள்.

இப்போது நீ எனக்கு ஒரு உதவி செய்ய வேண்டும். உன்னிடம் இன்னும் எத்தனை படம் இருக்கிறது? அந்தச் சுத்தியல்காரன், இரட்டைத் தலை நாய், கிணற்றிலிருந்து ஏறி வருகிறவள், எல்லாவற்றையும் அனுப்பு. பென்சிலில் கிறுக்கிப் பார்த்த தாள்களையும் சேர்த்து அனுப்பு. நகல் எதுவும் வைத்துக்கொள்ளாதே. எதிலும் உன் பெயரை எழுதாதே, அது ரொம்ப முக்கியம், காரணத்தை நேரில் சொல்கிறேன். சமயம் பார்த்து உன்னையும் இங்கே கூட்டிக்கொள்வேன். என்னை நம்பு. நான் இல்லாமல் உனக்கு வேறு யார் இருக்கிறார்கள்?

அக்கா

*

ஜூலை 30

அக்காவுக்கு,

இனி உங்களை 'நீ' என்று எழுதக் கை வரவில்லை. மன்னியுங்கள்.

உங்கள் கம்பெனி வெளியிட்ட வீடியோ சென்டருக்கும் வந்துவிட்டது. ஓனர் அதைப் பெரிய திரையில் போட்டார். இரண்டு ஆட்டத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, கோடு எப்படி, நிறம் எப்படி, நடை எப்படி என்று காட்டினார்கள். பிறகு உங்களைக் காட்டினார்கள். தலையை ஒரு பக்கமாகச் சாய்த்துக்கொண்டு சொன்னீர்கள்: "எனக்கு ஆறு வயசுல பெரிய காய்ச்சல். விளக்கு எரிஞ்சா கண்ணு கூசும், அணைச்சா பயத்துல அழுவேன். எங்கம்மா ஒரு மெல்லிசான ஊதாத் துணியை..." என் கை, போர்வை, அம்மாவின் முகம் என்று நான் எழுதிய வரிசைகூட மாறவில்லை.

கொரியர்காரர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். கூலிங் கிளாஸ் தன் கண்ணாடியைக் கழற்றினான். அவன் கண்களை அன்றுதான் பார்த்தேன்.

அன்று சாயந்திரம் பெரியம்மா எங்கள் அம்மாவுக்குப் போன் செய்தார். நான் பக்கத்தில் துணி மடித்துக்கொண்டிருந்தேன். பெரியம்மாவின் குரல் போனுக்கு வெளியிலும் கேட்டது.

"ஏண்டி, எம் பொண்ணுக்குக் காய்ச்சல் வந்தப்ப ஊதாத் துணி போட்டது நீயா? எனக்கு ஞாபகமே இல்லையே!"

"நம்ம ரெண்டு வீட்டுலயும் ஊதாத் துணி ஏது அக்கா?"

"அதான் பாரு! உலகமே போன் பண்ணி உன்னை மாதிரி அம்மா உண்டாங்குது. நான் என்னத்தைச் சொல்ல? ஆமா ஆமான்னு சொல்லிட்டு வெக்கிறேன்."

அம்மா சிரித்துவிட்டாள். எத்தனை காலம் ஆயிற்று அவர்கள் பேசி! அடுப்பில் வைத்த பால் பொங்கி வழிந்தும் போனை வைக்கவில்லை. அந்த ஒன்றுக்காக மட்டும் உங்களுக்கு நன்றி சொல்ல வேண்டும்.

அக்கா, அது பொய். எனக்கு அப்படி ஒரு காய்ச்சல் வந்ததே இல்லை. என் கேள்விக்குப் பதில் சொல்லாமல், ஏன் ஊதா என்று மட்டும் சீக்கிரம் எழுதச் சொன்னீர்கள். அந்த மூன்று பேரும் உங்களிடம் கேட்ட கேள்வி அதுதான் என்று எனக்குத் தோன்றியது. படம் உங்களுடையது என்று சொல்லியிருந்தால்தானே அவர்கள் அதை உங்களிடம் கேட்பார்கள்? அப்படி இருக்கக் கூடாது என்று நினைத்தேன். அதனால் ஒரு கதை கட்டி, யாரிடமும் சொல்லாதே என்றும் எழுதினேன். நீங்கள் சொல்லாமல் இருந்திருந்தால் நானே மன்னிப்புக் கேட்டிருப்பேன். என்ன எழுதி மன்னிப்புக் கேட்பது என்றுகூட யோசித்து வைத்திருந்தேன்.

உண்மையான காரணம் ஏழாம் நம்பர். ஜூன் கடைசியில் ஒரு நாள், இந்த ரோஸ் தொல்லை தாங்கவில்லை என்று ஓனர் திரையின் கேபிளைக் கழற்றினார். அதன் வாயில் ஒரு ஊசி வளைந்து ஒடிந்திருந்தது. பச்சை நிறம் வருகிற ஊசி அதுதானாம், மிச்சமிருக்கிற சிவப்பும் நீலமும் சேர்ந்துதான் அந்த ரோஸாம். புதுக் கேபிளைச் செருகியதும் மும்முனையைத் திறந்து பார்த்தேன். குணமாக்குகிற வெளிச்சம் வெளிர்பச்சையாக வந்தது. அத்தனை நாளும் அதை நான் ஊதாவாகத்தான் பார்த்திருக்கிறேன். திரை சரியில்லை என்று தெரியும், அதனால் புல்லையும் மரத்தையும் நானே மனதுக்குள் திருத்திக்கொண்டேன், புல் பச்சை என்பது எனக்குத் தெரியும். ஆனால் மந்திர வெளிச்சம் என்ன நிறம் என்று எனக்கு யார் சொன்னார்கள்? மற்றவர்கள் பின்னால் நின்று பார்க்க எனக்குக் கூச்சம். அதனால்தான் ஊதா. வேறு ஒன்றும் இல்லை.

குப்பைக்கூடையில் கிடந்த பழைய கேபிளை எடுத்து ஒளித்து வைத்தேன். எதற்கு என்று அப்போது தெரியவில்லை.

நேற்றைய அப்டேட்டில் கருங்களத்துக்காரர்கள் இரவுத்தாதியின் விளக்கை வெளிர்பச்சையாக மாற்றிவிட்டார்கள். "போச்சு, தந்திரமெல்லாம் போச்சு" என்று கூலிங் கிளாஸ் மேசையில் அடித்தான். பசங்கள் எல்லோரும் போனதும் நான் ஏழாம் நம்பரில் பழைய கேபிளை மாட்டி அவளைத் திறந்தேன். விளக்கு ஊதாவாக எரிந்தது, நான் வரைந்த அதே ஊதா. ஓனரைக் கூப்பிட்டுக் காட்டினேன். நானாக அவரை ஒன்றுக்குக் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. அவர் திரையைப் பார்த்தார், விளக்குக்காரிக்காக நான் முதலில் கிறுக்கிப் பார்த்த பென்சில் தாளைப் பார்த்தார். "அடிப்பாவி, நீயா?" என்றார்.

உங்கள் ஆபீஸ் நாளைக்கு அவர்களோடு மோதும்போது கையில் வைத்திருக்கப் போவது என் பொய். பெரியம்மாவிடம் யாராவது கொஞ்சம் அழுத்திக் கேட்டால் போதும், உங்கள் கதை அங்கேயே முடிந்துவிடும். உண்மையைக் காட்ட இந்தக் கேபிள் போதும். எந்தத் திரையில் செருகினாலும் தெரிந்துவிடும். ஆனால் செருகினால், யார் உட்கார்ந்த திரை என்றும் நீங்கள் சொல்ல வேண்டி வரும்.

நீங்கள் கேட்ட படங்களை அனுப்பவில்லை. கேபிளைச் சுருட்டி ரப்பர் பேண்ட் போட்டு, பிரிக்காத பென்சில் பெட்டியோடு சேர்த்து அட்டைப் பெட்டியில் வைத்திருக்கிறேன். இந்தக் கடிதம் அதன் மேலே இருக்கும்.

முகவரியில் உங்கள் பெயரைத்தான் எழுதினேன். அதன் கீழே, உங்கள் அறையின் முகவரியை விட்டுவிட்டு ஆபீஸ் முகவரியை எழுதினேன். பிறகு பெட்டியைத் திருப்பி, எப்போதும் சென்டர் பெயரை எழுதுகிற இடத்தில், வாசலில் நிற்கிறவர் தடுமாறாமல் சத்தமாகப் படிக்கும்படி, பெரிய எழுத்தில் என் முழுப் பெயரை எழுதினேன்.